ஏரி மண் பொம்மைகள் ஏன் வெடிக்கின்றன?

‘‘எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து, ஏரிக்கு வரும் பறவைகளை மண்ணில் செய்து கரையில் வைக்க நினைத்தோம். பாதி காயும்போதே வெடித்தது, மீதி சூளையில் உடைந்தது. பிள்ளைகளுக்கு மனசே விட்டுப் போச்சு. மறுபடியும் செய்யலாமா?’’

– வாசகி, பாகூர்.

தாராளமாகச் செய்யலாம். ஏரி வண்டலை அப்படியே பிசைந்தால், காயும்போது அதிகமாகச் சுருங்கி வெடிக்கும். மண்ணைக் காயவைத்து இடித்து, கல், வேர் நீக்குங்கள். நத்தை ஓடு, சுண்ணாம்புக் கல் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. சுட்ட பிறகு அது ஈரம் இழுத்து உப்பி, பொம்மையைப் பெயர்த்துவிடும். பிறகு 2, 3 நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். நைஸ் மணலைக் கூட்டியும் குறைத்தும் கலந்து 3 வில்லைகள் தட்டி, நிழலில் காயவிடுங்கள். விரிசல் விடாத கலவையே உங்களுக்கானது. பெரிய உருவத்துக்குக் கொஞ்சம் உமியும் சேர்க்கலாம்.

உருவம் உள்ளே கூடாக இருக்கட்டும். நீராவி வெளியேற ஒரு துளை விடுங்கள். மெல்லிய கழுத்து, கால்களை ஈரச்சாக்கால் மூடி, எல்லாம் ஒரே சீராகக் காயும்படி பாருங்கள். குறைந்தது ஒரு வாரம் நிழல் காய்ச்சல் தேவை. சூளையில் முதல் சில மணி நேரம் இளஞ்சூடுதான். ஈரம் முழுக்கப் போன பிறகே தீயை ஏற்ற வேண்டும். மறுநாள் ஆறிய பிறகு பிரியுங்கள்.

வண்டல் எடுக்கும் முன் கொம்யூன் பஞ்சாயத்திலும் பொதுப்பணித் துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள். கரையை ஒட்டித் தோண்டவே கூடாது.

புத்தகத்தைவிட, பக்கத்துக் குயவர் ஒருவரை ஆசானாக அழைப்பது நல்லது. அவருக்கு நாள்கூலி கொடுத்துவிடுங்கள். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. இந்தக் கலைக்காகப் புதுச்சேரியின் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கைப்பக்குவம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.

அய்யனாருக்குப் புரவி எடுக்கும்போது, ஊரார் பிடிமண் கொடுத்த பிறகுதான் குயவர் வேலை தொடங்குவார். அதேபோல, ஊரின் மூத்தவர் கையால் முதல் பிடி மண்ணை வாங்குங்கள். நத்தைகுத்தி நாரை எந்த மாதம் வரும், வயலில் எதைத் தின்னும் என்பதையும் அவரைச் சொல்லச் சொல்லி, பிள்ளைகளை நோட்டில் எழுத வையுங்கள். பொம்மை உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம். அவர் சொல்லாமல் போனால், அதை யாரிடம் போய்க் கேட்பது?