கழுத்துப் பட்டை சொல்வதும் சொல்லாததும்

நார்வேயில் கோடை வந்ததும் குட்டிகளோடு சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம் செம்மறிகள் மலைக்கும் காட்டுக்கும் மேயப் போகின்றன. கூடவே தங்கும் மேய்ப்பர் பெரும்பாலும் இல்லை. உரிமையாளர் அவ்வப்போது ஏறிப் பார்த்துவருவார். இலையுதிர் காலத்தில்தான் மந்தை இறங்கும். முன்பெல்லாம் ஆடு இருக்குமிடத்தைக் கழுத்து மணி சொன்னது. இப்போது பல ஆடுகளுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டுகிறார்கள்.

வரைபடத்தில் புள்ளி விழுந்த இடத்தில் ஆடு மேய்ந்தது என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். ஒரே இடத்தில் படுத்து அசைபோடும் ஆட்டின் புள்ளிகளும் சுற்றிலும் சிதறும். அவற்றைக் கோடிட்டுக் கூட்டினால் நடக்காத தூரமெல்லாம் கணக்கில் ஏறும். மணிக்கொரு முறை மட்டும் பதிந்தாலோ, வளைந்து நெளிந்து போன வழி நேர்கோடாகித் தூரம் குறையும். அடிக்கடி பதியலாம், ஆனால் பேட்டரி தாங்காது. ஆகவே, ஆடு எத்தனை கிலோமீட்டர் நடந்தது என்று யாராவது சொன்னால், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை பதிந்தீர்கள் என்று கேளுங்கள்.

புள்ளிகள் அடர்ந்த இடம் நல்ல புல்வெளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அது நிழலாக இருக்கலாம், உப்புக்கல் வைத்த இடமாக இருக்கலாம், இரவில் படுக்கும் மேடாகவும் இருக்கலாம். பட்டைக்குள் இருக்கும் அசைவுமானி தலையின் ஆட்டத்தை வைத்து மேய்ச்சலையும் ஓய்வையும் பிரித்துச் சொல்லும். அந்தப் பாடத்தை அதற்குக் கற்றுக்கொடுக்க, முதலில் ஒரு மனிதர் ஆட்டின் அருகே உட்கார்ந்து நிமிடக் கணக்கில் பார்த்துக் குறித்திருக்க வேண்டும். எந்தப் புல்லைத் தின்றது என்பதை அப்போதும் அது சொல்லாது.

வேலியில்லாத வேலி இன்னொரு வகை. நார்வேயின் நோஃபென்ஸ் பட்டை, கைபேசியில் வரைந்த எல்லையை விலங்கு நெருங்கும்போது ஒலி எழுப்பும். சுருதி படிப்படியாக உயரும். திரும்பிவிட்டால் ஒலி நிற்கும், திரும்பாவிட்டால் சிறிய மின்னதிர்ச்சி. வதைக்கிறதே என்ற கவலை நியாயமானது. ஒலிக்கே திரும்பக் கற்றுக்கொண்டதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நாள் செல்லச் செல்ல அதிர்ச்சி குறையவில்லையென்றால், அந்த விலங்கிடமிருந்து பட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்பேன்.

புள்ளி நெடுநேரம் அசையாமல் நின்றால் பட்டை கழன்று விழுந்திருக்கலாம், ஆடு செத்தும் கிடக்கலாம். அங்கே ஒருவர் மலையேறித்தான் ஆக வேண்டும். உடல் புதிதாக இருந்தால் கடித்த தடத்தை வைத்துக் கொன்றது லின்க்ஸ் பூனையா ஓநாயா என்று அரசு ஆய்வாளர் சொல்லிவிடுவார். விவசாயியின் இழப்பீட்டுக்கு அது சான்று. நாலைந்து நாள் தாமதித்தால் நரியும் காக்கையும் அந்தத் தடத்தைத் தின்றுவிட்டிருக்கும்.