வாய் ஒருத்தி, குரல் இன்னொருத்தி

ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்த படம், ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்'. 1929-ல் வந்தது. போன சனிக்கிழமை ராத்திரி, நொய்டா குளிரில் ரஜாய்க்குள் சுருண்டுகொண்டு ஒருவழியாகப் பார்த்து முடித்தேன்.

சார்லஸ் பென்னட் எழுதி 1928-ல் லண்டனில் மேடையேறிய நாடகம். அதை மௌனப்படமாகத்தான் எடுக்க ஆரம்பித்தார்கள். நடுவில் பேசும்பட அலை அடிக்கவே, சத்தத்தையும் சேர்க்க முடிவானது. வந்தது சிக்கல். நாயகி அன்னி ஓண்ட்ரா செக் நடிகை. லண்டன் கடைக்காரர் மகள் வாயைத் திறந்தால் செக் வாடை அடிக்கிறது! இப்போது மாதிரி டப்பிங் வசதியும் அப்போது இல்லை. என்ன செய்தார்கள்? காமிராவில் படாமல் ஜோன் பாரி என்ற நடிகை மைக் முன் நின்று வசனம் பேச, ஓண்ட்ரா வெறுமனே வாயசைத்தார். எல்லாம் நேரடியாக, படப்பிடிப்பு நடக்கும்போதே.

எல்லோரும் சிலாகிப்பது கத்திக் காட்சியை. தன்னிடம் தவறாக நடக்க முயன்ற ஓவியனைக் குத்திக் கொன்றுவிட்டு, மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள் ஆலிஸ். ஒரு பெண்மணி அந்தக் கொலையைப் பற்றி வளவளக்க, மற்றதெல்லாம் மங்கி 'கத்தி' மட்டும் காதில் விழுகிறது. பிரமாதம்தான், மறுக்கவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. ஆலிஸ் உண்மையைச் சொல்லப் போனால் போலீஸ்காரக் காதலன் தடுக்கிறான். மிரட்டியவன் தப்பி ஓடி, பிரிட்டிஷ் மியூசியம் கூரையிலிருந்து விழுந்து சாகிறான். பழி அவன்மேல். கடைசியில் ஸ்காட்லாண்டு யார்டுக்கே போய் அவள் சொல்ல ஆரம்பித்தால், அந்த நேரம் பார்த்து அதிகாரிக்கு போன் வருகிறது! கதையில் பேசவிடாத பெண்ணை நிஜத்திலும் பேசவிடவில்லை. குரல் கொடுத்தவர் பெயரோ டைட்டிலில்கூட இல்லை.

'மோகனுக்கு சுரேந்தர் குரல் கொடுக்கலையா, இதென்ன பெரிய விஷயம்' என்பீர்கள். சில வருஷம் முன்பு வரை நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆறு மாதம் உட்கார்ந்து செய்த வேலையை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டிய நாளில், "உங்க ஆக்ஸன்ட் அவங்களுக்குப் புரியாது, அவரே பேசட்டும்" என்றார் மேனேஜர். டெல்லிக்காரர் ஒருவர் பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடு தள்ளினேன். ஒரு கேள்விக்கு அவர் தப்பாகப் பதில் சொன்னபோதுகூட எனக்கு வாய் வரவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஓண்ட்ராவின் செக் வாடை இருந்தால்தான் என்ன? 'அம்மா அந்தப் பக்கத்துக்காரி' என்று ஒரு வரி வசனம் சேர்த்திருந்தால் தீர்ந்தது. லண்டனில் பிழைக்க வந்தவர்களே இல்லையா?

இதே படத்துக்கு மௌன வடிவமும் உண்டு. ஒலி வசதியில்லாத தியேட்டர்களுக்காக வெளியிட்டார்கள். 2012-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அதைப் புதுப்பித்தது. கிடைத்தால் அதைப் பாருங்கள். அதில் இருப்பது ஓண்ட்ரா மட்டும்தான்.

நான்? அடுத்த மாத மீட்டிங்கில் நானே பேசுகிறேன் என்று மேனேஜருக்கு மெயில் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.