துணை நிலையை அவரே ஏற்கவில்லை, தமிழ் ஏற்குமா?

கரிசல் நிலத்துத் தமிழுணர்வாளர்களே!

அண்மையில் கோவில்பட்டித் தேநீர்க் கடையொன்றில் ஒரு பேச்சு நம் செவியில் விழுந்தது. பேசியவர் படித்தவர், நல்ல பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். “திலீப்குமாரும் வைசயந்திமாலாவும் இணைந்து நடித்த படங்களை எண்ணிப் பாருங்கள். நம் தமிழ்ப்பெண் இந்தி கற்றார். வடநாடே அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. நம் பிள்ளைகளும் பள்ளியிலேயே இந்தி கற்றால் என்ன கெட்டுவிடும்?” என்றார் அவர். அருகில் இருந்தோர் தலையசைத்தனர். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்த எளிய உழைப்பாளி ஒருவரும் தலையசைத்தார். படித்தவரின் பேச்சு நம்மைச் சுடவில்லை. அந்த உழைப்பாளியின் தலையசைப்பே சுட்டது. அவருக்காகவே இதனை எழுதுகின்றோம்.

அவ்விருவரின் நடிப்பைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1955-இல் வந்த ‘தேவதாசு’ தொடங்கி 1968-இல் வந்த ‘சங்கர்சு’ வரை ஏழு படங்களில் அவர்கள் இணைந்து நடித்தனர். ‘நயா தௌர்’, ‘மதுமதி’, ‘பைகாம்’, ‘கங்கா சமுனா’, ‘இலீடர்’ ஆகியவை இடையில் வந்தவை. கலை கலையே, திறம் திறமே. ஆயின் அவ்விணையின் புகழை இந்தியின் புகழாகக் கணக்கெழுதும் பொய்யைத்தான் நாம் உடைத்தாக வேண்டும்.

முதலில், அந்த இருவர் யாவர்? திலீப்குமாரின் இயற்பெயர் யூசுப்கான். இன்று பாக்கித்தானத்தில் உள்ள பெசாவரில் 1922-இல் பிறந்தவர். அவர் வீட்டில் வழங்கிய மொழி இந்துகோ. வைசயந்திமாலாவோ சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1949-இல் ‘வாழ்க்கை’ என்னும் தமிழ்ப் படத்தின் வழியே திரைக்கு வந்தவர். ஆக, இந்தித் திரையின் ஒப்பற்ற இணை என்று போற்றப்படும் இருவருள் ஒருவர்க்கேனும் இந்தி தாய்மொழியன்று! பிறர் வீட்டு விளக்கைத் தன் வாயிலில் வைத்துக்கொண்டு, ‘பாரீர் என் ஒளியை’ என்று கூவுகின்றது இந்தி.

அடுத்து, அவர்கள் பேசிய மொழி எது? ‘பைகாம்’ என்றால் ‘செய்தி’ என்று பொருள். அது பாரசீகச் சொல். ‘தௌர்’ அரபுச் சொல். மக்கள் நாவில் புழங்கிய உருதுக் கலப்பு மொழியே அப்படங்களின் உயிர். ஆனால் இந்திய அரசியல் சட்டத்தின் 351-ஆம் பிரிவு என்ன சொல்கின்றது? இந்தி தன் சொற்களை முதன்மையாகச் சமற்கிருதத்திலிருந்து பெற்று வளர வேண்டும் என்கின்றது. திரையில் காட்டி மயக்குவது ஓர் இந்தி. கோப்புகளிலும் பாடநூல்களிலும் ஏற்றித் திணிப்பது வேறோர் இந்தி. தேனைக் காட்டி வேப்பெண்ணெயைப் புகட்டும் வணிகம் இது!

1961-இல் வந்த ‘கங்கா சமுனா’வைப் பாருங்கள். வைசயந்திமாலாவுக்குச் சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் விருதைப் பெற்றுத் தந்த படம் அது. அதில் அவரும் திலீப்குமாரும் பேசுவது உழவர் பேசும் அவதி வழக்கு. இன்று அந்த அவதியின் நிலை என்ன? 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தி பேசுவோர் 52.83 கோடி என்று காட்டினர். அதனுள் போச்புரி பேசும் ஐந்து கோடிப் பேரும், அவதி பேசும் 38 இலக்கம் பேரும், இராசத்தானி பேசும் இரண்டரைக் கோடிப் பேரும் கரைக்கப்பட்டுள்ளனர். ‘என் மொழி இந்தி’ என்றே சொன்னவர் ஏறத்தாழ 32 கோடிப் பேர்தாம். உடன்பிறந்த மொழிகளையே விழுங்கிக் கணக்கில் பருத்த மொழி, நம் தமிழை மட்டும் அணைத்துக் காக்குமோ?

நூற்பாலைகள் நிறைந்த கோவில்பட்டி ஒன்றை நன்கு நினைவில் கொள்ள வேண்டும். 1959-இல் வந்த ‘பைகாம்’ ஆலைத் தொழிலாளர் கதை. அதனை ஆக்கியது பம்பாய்ப் படநிலையமன்று. சென்னைச் செமினி படநிலையம். இயக்கியவர் எசு.எசு. வாசன். அதே கதையை அவரே 1960-இல் ‘இரும்புத்திரை’ என்று தமிழில் தந்தார். சிவாசி கணேசனோடு அதே வைசயந்திமாலா அதில் நடித்தார். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண்ணில் பிறந்து பஞ்சாலையில் உழன்ற நம் தொழிலாளி, தன் துயரைத் திரையில் காண இந்தி கற்க வேண்டியிருந்ததா? இல்லையே! கலை அவன் மொழியைத் தேடி வந்தது. அதுவே முறை. அரசும் அவன் மொழியைத் தேடி வருவதன்றோ அறம்?

‘ஆயினும் அவர் இந்தி கற்றாரே!’ என்பீர்கள். ஆம், கற்றார். தம் குரலிலேயே பேசி நடிக்க விரும்பி, தம் தொழிலுக்காகத் தாமே கற்றார். 1918 முதல் சென்னையில் இந்திப் பரப்புரை அவை இயங்குகின்றது. விரும்புவோர்க்கு அதன் கதவு இன்றும் திறந்தே உள்ளது. அதனை யார் தடுத்தார்? நம் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. இராசநாராயணனின் வீட்டுமொழி தெலுங்கு. அவரன்றோ கரிசல் உழவனின் தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடி அகராதியாக்கித் தந்தார்! எந்த மிரட்டலும் அவரைத் தமிழிடம் தள்ளவில்லை. மண்மேல் கொண்ட அன்பே இழுத்து வந்தது. அன்பினால் கற்பது வேறு. ஆணையினால் கற்பது வேறு.

ஆணை எவ்வாறு வருகின்றது என்பதை 2025-இல் கண்டோம். மும்மொழித் திட்டம் அடங்கிய புதிய கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பதற்காக, நம் பள்ளிகளுக்குரிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு தராமல் நிறுத்தி வைத்தது. அத்தொகை யாருடைய பிள்ளைகளுக்குரியது? மழையை நம்பி உளுந்தும் கம்பும் விதைக்கும் மானாவாரி உழவனின் பிள்ளைகளுக்கு. தீப்பெட்டி ஒட்டிய கைகள் பெற்ற பிள்ளைகளுக்கு. தேநீர்க் கடையில் தலையசைத்த தோழரே, உங்கள் பிள்ளைக்குரியது! ஏழைப் பிள்ளையின் பள்ளித் தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு மொழியைக் கற்கச் சொல்வது கல்வியா, கந்துவட்டியா?

இறுதியாக, அந்தப் பதவியாளர் சொல்ல மறந்த ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம். ‘தேவதாசு’ படத்திற்காக வைசயந்திமாலாவுக்குச் சிறந்த துணைநடிகை விருது அளிக்க முன்வந்தனர். ‘என் வேடம் துணை வேடமன்று, தலைமை வேடத்துக்கு நிகரானது’ என்னும் கருத்தில் நின்று, அவ்விருதை அவர் மறுத்துவிட்டார். மறுத்தால் இழப்பு நேரலாம் என்று அறியாதவரல்லர். ஆயினும் மறுத்தார்.

அவரிடமிருந்து கற்க வேண்டியது இந்தியையன்று தோழர்களே, அந்த மறுப்பை! ஒரு வேடத்திற்கே துணை நிலையை ஏற்காத அவர் பெயரைச் சொல்லியா, ஈராயிரம் ஆண்டு இலக்கியம் படைத்த தமிழைத் துணை நிலையில் நிற்கச் சொல்வது?

தலையசைக்காதீர், தலை நிமிர்வீர்!