மறுத்தாவது தொலையுங்கள்!

வீடு கட்ட அனுமதி வாங்கித் தாருங்கள் என்று நான் கோர்ட்டுக்குப் போகவில்லை ஐயா. தருவதா மறுப்பதா, ஏதாவது ஒன்றை முடிவு பண்ணச் சொல்லுங்கள் என்று கேட்கவே வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது!

பட்டா, வில்லங்கச் சான்றிதழ், தாய்ப் பத்திரம், காலிமனை வரி ரசீது எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றியாயிற்று. சாலை அகலம் தெளிவாக இல்லை என்று திருப்பினார்கள். இன்ஜினியர் மறுபடி வரைந்து கொடுத்தார். அடுத்து, பக்கவாட்டுக் காலியிடத்தில் சந்தேகம். இருக்கிற சந்தேகத்தையெல்லாம் ஒரே தடவையில் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்? நேரில் போனால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்கிறார்கள். மேலே கேட்டால் "கீழேயிருந்து வரலியே". நடுவில் ஒருத்தர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கவனிச்சா நகரும் சார்" என்கிறார். அவர் ஒருவர்தான் எனக்குத் தெளிவாகப் பதில் சொன்னவர்.

2024-இல் அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் உடனடி அனுமதி. நல்ல திட்டம்தான். அண்ணன் தம்பி மூன்று பேருக்குமாக இரண்டாவது மாடிக்கும் ஆசைப்பட்டேன் பாருங்கள், அதனால் நான் அதில் சேர்த்தியில்லை.

மறுத்தால்கூடச் சட்டத்தில் மேல்முறையீடு உண்டு. வாயே திறக்காதவர் மேல் எதை வைத்து மேல்முறையீடு செய்வது? இதற்குள் வாடகை ஏறிவிட்டது. கடன் கொடுக்க ஒப்புக்கொண்ட வங்கி, அப்ரூவல் எங்கே என்று நச்சரிக்கிறது.

அதனால்தான் அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் ஹைகோர்ட்டில் ரிட் மனு. என்ன உத்தரவு வரும் என்று வக்கீல் இப்போதே சொல்லிவிட்டார்: 'நகல் கிடைத்த நாளிலிருந்து இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்கவும்.' நகல் கைக்கு வரவே காத்திருக்க வேண்டும். அப்புறமும் அசையாவிட்டால் அவமதிப்பு வழக்கு, அதற்குத் தனி ஃபீஸ். முடிவெடுக்காதவருக்குச் சம்பளம் என் வரிப்பணம். அவருக்காக வாதாடும் அரசு வக்கீலுக்கும் என் வரிப்பணம்!

கனம் நீதிபதி அவர்களே, கெடு விதிக்கும்போது ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள். கெடு தாண்டினால் வழக்குச் செலவை, ஃபைலை வைத்திருந்த அதிகாரியே தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும்.