பேரப்பிள்ளைக்கும் ஒரு பருவம் உண்டு

இரண்டு கறவை மாடும் ஒன்றரை ஏக்கர் நெல்லும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மாட்டையும் வயலையும் விட்டு ஒரு நாள்கூட நகர முடியவில்லை, இதற்கு வழி உண்டா?

உண்டு. மதுராந்தகம் பக்கம் இதே அளவு நிலமும் மாடும் உள்ள ஒரு குடும்பம் செய்ததைப் பார்த்தால் போதும்.

அந்த வீட்டு மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. பாட்டி சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரைத் தயாராக வைத்திருந்தார். நல்ல மனிதர் கையால் சேனை வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது அவர் மாமியார் சொல்லிக் கொடுத்தது. செவிலியர் கூடாது என்றதும் பாட்டியின் முகம் வாடிவிட்டது. தாத்தாதான் பேசினார்.

"நம்ம மாடு கன்னு போட்டா முதல்ல என்ன குடுப்ப?"

"சீம்பால்தான்."

"சர்க்கரைத் தண்ணி குடுப்பியா?"

பாட்டி பதில் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

கன்று பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும் என்பது மாடு வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. நேரம் ஆக ஆக அந்தச் சக்தியைக் கன்றின் குடல் ஏற்காது. குழந்தைக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பால் கொடுக்க வேண்டும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேனை நாக்கில் தடவவே கூடாது. பாட்டியின் மனம் நோகாமல் இருக்க, வீட்டுக்கு வந்த அன்று தன் பழைய நூல் புடவையில் தூளி கட்டிக் குழந்தையை முதலில் போடும் உரிமையை மகள் அவருக்கே கொடுத்தாள்.

அடுத்த பாடம் தாத்தாவுக்கு. ஒரு நாள் நெல்லுக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவர், கையை மட்டும் கழுவிக்கொண்டு குழந்தையைத் தூக்கப் போனார். "அப்பா, குளிச்சிட்டு வாங்க" என்று மகள் தடுத்தாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னது சரி. மருந்து சட்டையிலும் முடியிலும் ஒட்டியிருக்கும். அன்றிலிருந்து சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையிடம் போனார். மருந்து அடித்த துணியைத் தனியாகத் துவைத்தார்கள். திண்ணைப் பரணில் கிடந்த மருந்துப் புட்டிகள் மோட்டார் கொட்டகையில் பூட்டிய பெட்டிக்குப் போயின. மீந்த மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றே விட்டுவிட வேண்டும். நடக்கத் தொடங்கிய பிள்ளை அதைக் குளிர்பானம் என்றே எடுத்துக் குடிக்கும்.

மூன்றாம் மாதம் மகள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று சொன்னாள்: "சின்ன வயசுல வேடந்தாங்கல் பறவை பாக்கணும்னு வருஷா வருஷம் கேட்டேன். அறுப்பு, மாடு, மழைன்னு ஏதாவது வந்துச்சு. இவளையாவது கூட்டிக்கிட்டுப் போங்கப்பா."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. ஏரி வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான்.

குழந்தைக்கு இரண்டு வயதான தை மாதம் அந்த நாளைக் குறித்தார்கள். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும். சம்பா நெல்லுக்கு அறுவடைக்குச் சுமார் 10 நாள் முன்பு தண்ணீரை வடித்துவிட்டால் வயலில் பெரிய வேலை இல்லை. காணும் பொங்கல் கூட்டம் முடிந்த மறுநாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். காலைப் பாலைக் கறந்துவிட்டுக் கிளம்புவது, மாலைப் பாலைப் பக்கத்து வீட்டுக்காரர் கறந்து சங்கத்தில் ஊற்றுவது, இன்னொரு நாள் இவர் அவருக்குச் செய்வது என்று பேசிக்கொண்டார்கள். புதுக் கைக்கு மாடு பாலை அடக்கும் என்பதால் மூன்று நாள் முன்பிருந்தே அவர் மாலையில் வந்து, இவர் பக்கத்தில் நிற்கக் கறந்து பழகினார். தீவனத்தை அளந்து தனித்தனிப் பையில் கட்டி வைத்தார்கள். ஒரு மாடு சினைப் பருவத்துக்கு வரும் நாளையும் 21 நாள் கணக்கில் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாள் பயண நாளில் விழவில்லை.

ஏரிக்கரையில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மரம் முழுக்க இருந்தன. பேத்தி ஒவ்வொன்றையும் "கோழி" என்றாள். நத்தைகுத்தி வயல் நத்தையைத் தின்னும், நமக்கு வேலைக்காரன் என்று தாத்தா சொன்னார். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊரார் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்தார்கள். 1798இலேயே அன்றைய கலெக்டரிடம் அதற்கான உரிமையைப் பெற்றார்கள். தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. இதையெல்லாம் அவர் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சிறிது நேரத்தில் பேத்தி பாட்டியின் தோளில் தூங்கிவிட்டாள். மகள் மட்டும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. தாத்தாவும் பக்கத்தில் போய் நின்றார்.

வீடு திரும்பியபோது மாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. மாலைப் பால் வழக்கத்தைவிட அரை லிட்டர் குறைவு. மறுநாள் சரியாகிவிட்டது.

விதைக்கும் நாள் தவறினால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் வயதும் அப்படித்தான். வேலை முடிந்த பிறகு என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. கேள்வி கேட்ட வாசகர் நாட்காட்டியில் தண்ணீர் வடிக்கும் நாளைக் குறிக்கும்போதே, பேரப்பிள்ளைக்கான ஒரு நாளையும் குறித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வைக்கலாம்.