ஊர் மாறி உள்ளம் வாடுவது ஈமானின் குறையன்று

அரூரிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருவுக்கோ வளைகுடாவுக்கோ குடிபெயரும் குடும்பங்கள் உண்டு. புதிய ஊரில் மனம் ஒட்டாமல் தவிப்போரிடம், "ஸப்ர் இல்லையா?" என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். நபிவழி அதுவன்று.

கி.பி. 622இல் மக்காவைத் துறந்து மதீனா சென்ற முஹாஜிர்களுள் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும் மலைகளையும் நினைந்து ஏங்கிக் கவி பாடினார்கள். ஈமானுக்காகச் சுடுமணலில் வதைபட்டவரின் ஏக்கம் அது! ஆயிஷா (ரலி) இதனைத் தெரிவித்தபோது நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போல, அதனினும் மேலாக, மதீனாவை நேசத்துக்குரியதாக்கும்படியும், நலமிக்க ஊராக்கும்படியும், அதன் அளவைகளில் பரக்கத் செய்யும்படியும் துஆச் செய்தார்கள். புகாரியில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

மனம், உடல், உணவு மூன்றும் அந்தத் துஆவில் இடம்பெற்றன. நம் அக்கறையும் அவ்வாறே அமைய வேண்டும். குடிபெயர்ந்தவர் ஐவேளைத் தொழுகையால் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தேடிக்கொள்ளட்டும். நலிவு நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம்.

ஆயினும் மாற்றத்தின் பாரம் வந்தவர்மீது மட்டும் விழலாகாது. அன்சாரிகள் தம் வீட்டையும் உணவையும் பகிர்ந்தார்கள். ஆணுக்குப் பள்ளிவாசலில் நாலு பேர் அறிமுகமாவார்கள். நாலு சுவருக்குள் இருக்கும் அவர் மனைவிக்கு யார் இருக்கிறார்கள்? ஜும்ஆவில் புதுமுகம் ஒன்றைக் கண்டால், ஸலாமோடு நில்லாமல் அக்குடும்பத்தையே ஒருவேளை விருந்துக்கு அழைப்போம். இங்கு அரூரில் தனித்திருக்கும் அவர்களின் பெற்றோரையும் நாம் சென்று விசாரிப்போம்.