பறந்தால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஆகாய விமானப் பயணம் இப்போது அதிசயம் அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010ல் ரெனால்ட்-நிசான் ஆலை வந்தது. 2012ல் டைம்லர் லாரித் தொழிற்சாலை வந்தது. அன்று முதல் கொரியா, ஜப்பான், ஜெர்மனி என்று பயிற்சிக்குப் போகிறவர்கள் ஏராளம். வயலில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்த்தவரின் மகன், இன்று அதே விமானத்தில் உட்கார்ந்து போகிறான்.

போகிறவர் டிக்கெட்டை வாங்கிக்கொள்கிறார். பெட்டியைக் கட்டுகிறார். பறந்து போய், வேலையை முடித்துத் திரும்பி வருகிறார். ஆனால் அந்தப் பயணத்தில் தமக்குச் சேர வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதுதான் "மைல்".

மைல் என்றால் என்ன?

திரும்பத் திரும்பத் தங்களிடமே வரும் பயணிக்கு விமானக் கம்பெனி கொடுக்கும் பரிசுப் புள்ளிக்குத்தான் மைல் என்று பெயர். 1981ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி இதைப் பெரிய அளவில் தொடங்கியது. இன்று ஏர் இந்தியா, இண்டிகோ, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுப்தான்சா எல்லாவற்றிலும் இது உண்டு. பெயர்தான் வேறு வேறு. சில கம்பெனிகள் பறந்த தூரத்தைப் பார்த்துக் கொடுக்கும். சில கம்பெனிகள் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பார்த்துக் கொடுக்கும்.

இதற்குக் கணக்குத் தொடங்கப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டில் எப்படிப் பெயர் இருக்கிறதோ, அப்படியே எழுத வேண்டும். நம் ஊரில் தகப்பனார் பெயர் ஒரு இடத்தில் முன்னால் நிற்கும். இன்னொரு இடத்தில் பின்னால் நிற்கும். வேறொரு இடத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் மைல் ஏறாது. விமானம் ஏறும்போது கொடுக்கும் சீட்டை, மைல் கணக்கில் ஏறும்வரை பத்திரமாக வைத்திருங்கள். விட்டுப்போன மைலைப் பிறகு கேட்டு வாங்க அதுவே சாட்சி.

மைலை வைத்து என்ன செய்யலாம்?

மைலைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம். அல்லது சாதாரண வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்கு மாறலாம். இரவெல்லாம் மடங்கி உட்கார்ந்து வருவதற்குப் பதில், காலை நீட்டிப் படுத்து வரலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மேல் வகுப்பில் இடம் காலியாக இருக்க வேண்டும். கையில் இருக்கும் டிக்கெட், மாற்றத்துக்கு இடம் கொடுக்கும் டிக்கெட்டாக இருக்க வேண்டும். மிக மலிவான டிக்கெட்டுகளில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது.

ஒன்றை மறக்கக் கூடாது. மைல் பணம் அல்ல. அது ஒரு வாக்குறுதி. 2012ல் கிங்பிஷர் விமானக் கம்பெனி நின்றபோது, பயணிகள் சேர்த்து வைத்த மைல்களும் வீணாகப் போயின. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. அப்போது புள்ளிகள் புதிய கணக்குக்கு மாற்றப்பட்டன. எல்லா நேரமும் அப்படி நடக்கும் என்று எண்ண முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014ல் மூடியதைக் கண்ட மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மைலைப் பல வருஷம் பூட்டி வைக்காதீர்கள். கெடு முடியுமுன் செலவிடுங்கள்.

இருக்கைக் கட்டணம் யாருக்கு?

இனி, பணத்தைப் பற்றிய விஷயத்துக்கு வருவோம். ஜன்னலோர இடம் வேண்டுமா, காசு. கால் நீட்ட இடம் வேண்டுமா, காசு. இது பயணி விரும்பினால் மட்டும் கொடுக்கும் கட்டணம். கொடுக்காவிட்டாலும் கம்பெனி ஓர் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். 12 வயது வரை உள்ள குழந்தைக்குத் தாய் அல்லது தகப்பன் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024ல் உத்தரவிட்டது. அதற்கு இருவரும் ஒரே பதிவில் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

ஒருவர் காசு கொடுத்து ஜன்னலோர இடம் வாங்குகிறார். பிறகு மைலைக் கொடுத்து மேல் வகுப்புக்கு மாறுகிறார். பழைய இடம் காலியாகிறது. அதை இன்னொருவருக்கு விற்கவும் கம்பெனியால் முடியும். அப்படியானால் முதலில் வாங்கிய காசு எங்கே? கம்பெனி தானாக இடத்தை மாற்றினால் கட்டணத்தைத் திருப்பித் தருவது பல இடங்களில் உள்ள வழக்கம். பயணி தாமே மாறினால், கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு. சில இடங்களில் கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது. ஒரே நாற்காலிக்கு இருவரிடம் காசு வாங்குவது நியாயமா? நாம் நியாயம் அல்ல என்கிறோம். ஆகவே, மேல் வகுப்பு உறுதியாகும்வரை இருக்கைக்குக் காசு கட்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

நேர்மாறான சங்கடமும் உண்டு. காசு கொடுத்து மேல் வகுப்பு வாங்கியவரைக் கம்பெனி கீழ் வகுப்பில் உட்கார வைத்தால் என்ன செய்வது? 2023 பிப்ரவரி முதல் இதற்கு விதி இருக்கிறது. உள்நாட்டுப் பயணம் என்றால், வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 50, ஜெர்மனிக்கு 75.

கம்பெனி டிக்கெட், யாருடைய மைல்?

டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது ஆலை. பறந்தது தொழிலாளி. மைல் யாருக்கு? விமானக் கம்பெனி, பறந்தவர் பெயரில்தான் மைலை எழுதுகிறது. மத்திய அரசு ஊழியர்கள் அரசாங்கப் பயணத்தில் சேர்த்த மைலை அரசாங்கப் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அது மக்கள் பணம். ஆகவே விதி சரியே. ஜெர்மனியில் பெர்லின் நகர அமைச்சராக இருந்த கிரெகோர் கீசி, அரசாங்க மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2002ல் பதவியை விட்டே விலகினார்.

தனியார் ஆலையின் கதை வேறு. அங்கே ஆலையின் விதிதான் பேசும். பல வாரம் பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து, குளிர் நாட்டில் தொழில் கற்றுத் திரும்புகிறவருக்கு அந்த மைல் சேருவதே முறை. ஆலை நிர்வாகங்கள் இதைப் பயண உத்தரவிலேயே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஒரு வரி போதும்.

நாம் சொல்வது

இருக்கையைப் பயன்படுத்தாதவருக்கு, அவர் கேட்காமலே கட்டணம் திரும்ப வர வேண்டும். டிக்கெட் நிபந்தனைகளைத் தமிழிலும் அச்சிட வேண்டும். காசு வாங்கும்போது ஒரு நொடியில் வாங்கும் கம்பெனிக்கு, திருப்பித் தருவது மட்டும் கடினமாக இருக்கக் காரணம் இல்லை.

அதுவரை பயணிகள் சும்மா இருக்க வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். பதில் இல்லையா? 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். அதிலும் பலன் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ம் வருஷச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணமும் இல்லை. சில நூறு ரூபாய்க்கு இத்தனை தொல்லையா என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சில நூறு ரூபாய் உங்கள் உழைப்பில் வந்த பணம்!